பொருளும் பெயரும்: புழங்குபொருள் சிற்பங்களும் தமிழ்த் திறனாய்வின் சொல்தேர்வும்

1. முன்னுரை

கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்தியச் சிற்பக்கலையில் ஏற்பட்ட மாற்றங்களுள் தலையாயது சிற்பத்திற்குரிய மூலப்பொருள் பற்றியதாகும். கல், மரம், வெண்கலம் ஆகியவற்றில் பயின்ற கைகள் சணல்நாரையும் சாணத்தையும் தலைமுடியையும் ஊசிநூலையும் தார்ப்பீப்பாயையும் எவர்சில்வர்ப் பாத்திரத்தையும் எலும்பையும் எடுத்துக்கொண்டன. இம்மாற்றம் குறித்த திறனாய்வு பெரிதும் ஆங்கிலத்திலேயே வளர்ந்துள்ளது. தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் அவ்வெழுத்துகளின் மொழிபெயர்ப்பாகவோ மொழிபெயர்ப்பின் சாயல் கொண்டனவாகவோ அமைகின்றன. எனவே இச்சிற்பங்கள் கலைத் திறனாய்வாளர்க்கு மட்டுமன்றி மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய ஆய்வுப்பொருளாகின்றன.

கற்சிற்பம் ஒன்றைப் பற்றி எழுதும்போது அதன் பொருளைக் கருங்கல் என்று குறித்தாலும் கிரானைட் என்று குறித்தாலும் சிற்பத்தின் பொருண்மை பெரிதும் மாறுவதில்லை. ஆனால் சாணத்தாலான சிற்பத்தைப் பற்றி எழுதும்போது சாணி, சாணம், கோமயம் என்னும் மூன்றனுள் எதை எழுதுவது என்பது, படிப்பவர் அச்சிற்பத்தின் முன் எந்த நிலையில் நிறுத்தப்படுகிறார் என்பதையே முடிவு செய்துவிடுகிறது. முன்னதில் பொருளின் பெயர் ஒரு தகவல். பின்னதில் அது சிற்பத்தின் ஓர் உறுப்பு. இவ்வேறுபாட்டை உணராத மொழிபெயர்ப்பு, சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் சிற்பத்தை இழந்துவிடுகிறது.

மிருணாளினி முகர்ஜி, ஷீலா கௌடா, சுபோத் குப்தா, அனிதா துபே ஆகிய நால்வரின் படைப்புகளை முன்வைத்து இக்கட்டுரை இரு வினாக்களை ஆராய்கிறது. இவர்கள் கையாளும் பொருள்களை ‘மரபுசாராப் பொருள்கள்’ என்று வழங்குவது பொருந்துமா என்பது முதலாவது. அப்பொருள்களையும் தொழில்களையும் தலைப்புகளையும் தமிழில் எவ்வாறு பெயரிடுவது என்பது இரண்டாவது.

2. பத்துப் பொருள்களும் அவற்றிற்கு அப்பாலும்

சிற்பத்தொழிலுக்குரிய பொருள்கள் பத்து எனத் திவாகர நிகண்டு வகுக்கிறது. கல், மரம், செங்கல், உலோகம், மண், சுதை, மெழுகு, தந்தம், வண்ணம், கண்டசருக்கரை என்பன அவை. இப்பட்டியல் மூன்று காரணங்களால் நோக்கத்தக்கது. உருகியொழியும் மெழுகும் மேற்பரப்பாகிய வண்ணமும் கல்லோடு ஒப்ப வைத்து எண்ணப்பட்டுள்ளமை முதலாவது. நிலைத்து நிற்றலே சிற்பப்பொருளின் இலக்கணம் என்னும் எண்ணம் நிகண்டாசிரியர்க்கு இல்லை என்பது இதனால் புலனாகிறது. பலபொருட் கலவையாகிய கண்டசருக்கரை தனியொரு பொருளாகக் கொள்ளப்பட்டமை இரண்டாவது. மரத்தாலான எலும்புக்கூட்டின்மேல் தேங்காய்நாரை நரம்புகளாகச் சுற்றி, மண்ணும் பிசினும் பிறவும் சேர்ந்த சாந்தைப் பூசி உருவாக்கும் முறை கடுசருக்கரை எனப்படுகிறது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் மூலவர் திருமேனி இம்முறையில் அமைந்தது. இன்று ‘கலப்பு ஊடகம்’ என்று புதுமையாகப் பேசப்படுவது நிகண்டின் காலத்திலேயே பெயர் பெற்றிருந்தது. வீட்டிலும் வீதியிலும் புழங்கிய சில பொருள்கள் விடுபட்டுள்ளமை மூன்றாவது. இது பின்னர் விளக்கப்படும்.

கல்லே ஒரு காலத்தில் வழக்கிறந்து நின்ற பொருள் என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். விழுப்புரத்தை அடுத்த மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றி அக்கோயில் அமைக்கப்பட்டதைப் பெருமிதத்துடன் அறிவிக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அரசன் கல்வெட்டில் பொறித்து அறிவிக்கும் அளவிற்கு அது புதுமையாக இருந்தது. நடுகல்லோடும் ஈமச்சின்னத்தோடும் தொடர்புற்றிருந்தமையால் கோயிலுக்குக் கல் முதலில் விலக்கப்பட்டிருந்தது என ஆய்வாளர் கருதுவர். எனவே ஒரு பொருளை மரபிற்கு உள்ளும் புறமும் வைப்பது அதன் இயற்பண்பன்று. சமூகம் அதற்கு அளித்துள்ள தொடர்புகளே.

இருபதாம் நூற்றாண்டிலும் இதுவே நிகழ்ந்தது. ராம்கிங்கர் பைஜ் சாந்திநிகேதனில் 1938இல் ‘சந்தால் குடும்பம்’ என்னும் சிற்பத்தைச் சிமெண்டும் செம்புரைக்கல் துண்டுகளும் கலந்து உருவாக்கினார். அம்மண்ணின் உழைக்கும் மக்களை அம்மண்ணின் கல்லாலேயே அமைத்தார் எனலாம். சென்னையில் பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்துக் கம்பிகளைப் பற்றவைத்து முன்புற நோக்குடைய உருவங்களை அமைத்தார். அவற்றின்பின் கோயில் திருமேனிகளுக்குச் சாத்தும் கவசம் நிற்கிறது. கவசம் சிற்பத்தை மூடும் பொருள். ஜானகிராமின் கையில் அதுவே சிற்பமாயிற்று.

நிகண்டின் பட்டியலில் இடம்பெறாத உருவாக்கங்கள் மக்கள் வாழ்வில் என்றும் இருந்து வந்துள்ளன. மார்கழித் திங்களில் வாசற்கோலத்தின் நடுவே பூசணிப்பூச் சூடி வைக்கப்படும் சாணப் பிள்ளையாரும், சடங்கின் தொடக்கத்தில் பிடித்து வைக்கப்படும் மஞ்சள் பிள்ளையாரும் உருவங்களே. அவற்றைச் செய்பவர் சிற்பி எனப்படுவதில்லை. செய்யும் தொழில் சிற்பம் எனப்படுவதுமில்லை. தொல்காப்பியம் மொழிக்குக் கூறும் உலகவழக்கு, செய்யுள்வழக்கு என்னும் பாகுபாட்டை இங்குப் பொருத்தினால் நிலைமை தெளிவாகும். நிகண்டின் பத்துப் பொருள்களும் சிற்பத்தின் செய்யுள்வழக்கு. சாணமும் மஞ்சளும் அதன் உலகவழக்கு. இன்றைய சிற்பிகள் செய்திருப்பது மரபை விடுத்து வெளியேறுவதன்று. உலகவழக்குப் பொருளைச் செய்யுள்வழக்கின் இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதேயாகும்.

ஆகவே ‘மரபுசாரா’ என்னும் அடை பிழைபட்ட எண்ணத்தைத் தோற்றுவிக்கிறது. நாட்டார் வழக்காற்றியலில் நிலைபெற்றுவிட்ட ‘புழங்குபொருள்’ என்னும் சொல் இவ்விடத்திற்கு ஏற்றது. அது பொருளைத் தன்னளவில் சுட்டாமல் கையாளும் மனிதரோடு சேர்த்துச் சுட்டுகிறது. இக்கட்டுரையில் இனி அச்சொல்லே ஆளப்படும்.

3. நார்: மிருணாளினி முகர்ஜி

மிருணாளினி முகர்ஜி (1949–2015) பரோடாவில் கே.ஜி. சுப்பிரமணியனிடம் பயின்றவர், ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜி, சிற்பி லீலா முகர்ஜி ஆகியோரின் மகள். 1970களின் தொடக்கம் முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நாரையே தம் முதன்மைப் பொருளாகக் கொண்டார். பின்னர் சுடுமண்ணிலும் வெண்கலத்திலும் பணியாற்றினார். தறியின்றி, முன்வரைவும் இன்றி, சாயமேற்றிய நார்க்கயிறுகளை முடிச்சு முடிச்சாக இட்டு ஆளுயரமும் அதற்கு மேலுமான உருவங்களை அமைத்தார். மடிந்தும் விரிந்தும் தொங்கியும் நிற்கும் அவ்வுருவங்கள் மலர்களாகவும் மனித உறுப்புகளாகவும் தெய்வங்களாகவும் ஒருங்கே தோன்றுகின்றன.

இவரைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர்க்கு முதற் சிக்கல் பொருளின் பெயரிலேயே எழுகிறது. ஆங்கிலக் குறிப்புகளில் வரும் பெயரை அகராதியில் தேடுபவர் கஞ்சாச் செடியைச் சென்றடையக்கூடும். சணல் என்னும் சொல்லோ தமிழில் இருவேறு செடிகளின் நாருக்கும் பொதுவாக வழங்குகிறது: கோணிப்பைக்குரியது ஒன்று, உழவர் பசுந்தாள் உரத்திற்கும் கயிற்றுக்கும் விதைப்பது மற்றொன்று. சணம் என்னும் வடசொல்லோடு உறவுடைய சணல் என்னும் சொல்லே இங்கு ஏற்றது. கஞ்சாநார் என்று எழுதுவது தாவரவியல் நோக்கில் ஐயத்திற்கிடமானது. படிப்பவர் மனத்தில் எழுப்பும் தொடர்பிலோ முற்றிலும் பிழையானது. சணல் என்றவுடன் தமிழர்க்கு மூட்டையும் கட்டும் சந்தையும் நினைவிற்கு வருகின்றன. அத்தகைய எளிய பொருள் தெய்வவடிவின் பெருமிதம் பெறுவதே இச்சிற்பங்களின் வியப்பு. அவ்வியப்பிற்கு இடந்தருவது சணல் என்னும் சொல்லேயாகும்.

இரண்டாவது சிக்கல் தலைப்புகளைப் பற்றியது. ‘யக்ஷி’ (1984), ‘பக்ஷி’ (1985), ‘வனஸ்ரீ’ (1994) என இவர் தம் படைப்புகளுக்கு வடசொற்களையே பெயராக இட்டார். இவற்றை ஒலிபெயர்ப்பதா மொழிபெயர்ப்பதா? வடசொற்கள் தமிழுக்கும் உரியனவாதலின் அப்படியே எழுதிவிடலாம் என்பது எளிய விடை. ஆனால் ஒரே வேர்ச்சொல் இரு மொழிகளில் ஒரே வழக்குநிலையில் இருப்பதில்லை. இந்தியில் பக்ஷி சற்றே உயர்ந்த நடைக்குரியது. தமிழில் பட்சி பேச்சுவழக்கிற்கு இறங்கிவிட்டது. உள்ளுணர்வு எச்சரிக்கிறது என்பதை ‘பட்சி சொல்லுது’ என்று நகைச்சுவையாகக் கூறுவதுண்டு. எனவே வழக்குநிலையை நோக்கினால் ‘புள்’ என்பதே நிகரான சொல்லாகும். யக்ஷியின் நிலை வேறு. அது தமிழில் இயக்கி என்றும், தென்மாவட்ட மக்கள் வழிபாட்டில் இசக்கி என்றும் வழங்குகிறது. இசக்கி என்று பெயர்த்தால் குழந்தையைக் கையில் ஏந்திய குறிப்பிட்டதொரு தெய்வம் சிற்பத்தின்மேல் ஏறிக்கொள்ளும். முகர்ஜியின் உருவங்கள் எந்தத் தெய்வத்தின் படிம இலக்கணத்தையும் பின்பற்றுவன அல்ல. ஆகவே நடுநிலையில் நிற்கும் இயக்கியே பொருந்துகிறது. ஒரே சிற்பியின் இரு தலைப்புகளுள் ஒன்றைத் தமிழ்ச்சொல்லாலும் மற்றொன்றைத் தமிழாக்கம் பெற்ற வடசொல்லாலும் பெயர்ப்பது முரண் போலத் தோன்றினும், வழக்குநிலை ஒன்றே அளவுகோல் என்று கொள்ளின் அது முரணன்று.

இவர் படைப்புகள் நெடுங்காலம் கைவினை என்னும் வகையில் ஒதுக்கப்பட்டன. தில்லி நவீன கலைக்கூடத்தில் 2015இல் பெரும் பின்னோக்குக் கண்காட்சி தொடங்கிய சில நாள்களில் அவர் மறைந்தார். நியூயார்க்கின் மெட் புரோயர் கூடத்தில் 2019இல்தான் அமெரிக்காவின் முதல் பெருங்கண்காட்சி நிகழ்ந்தது. கலை, கைவினை என்னும் எதிர்நிலை ஆங்கிலவழி வந்தது. கடுசருக்கரைத் திருமேனியின் உள்ளே நரம்பாக மறைந்திருந்த நாரைத் தோலும் தசையுமாக வெளியே கொணர்ந்தவராக முகர்ஜியைக் காணின், அவரைக் கைவினை என்னும் சொல்லுக்குள் அடைக்கவேண்டிய தேவை தமிழுக்கு இல்லை.

4. சாணமும் முடியும்: ஷீலா கௌடா

கர்நாடகத்தின் பத்ராவதியில் 1957இல் பிறந்து பெங்களூரில் பணியாற்றும் ஷீலா கௌடா ஓவியராகத் தொடங்கியவர். 1992இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டதையும் அதனையடுத்த வன்முறைகளையும் நாடு எதிர்கொண்ட சூழலில், ஓவியம் மட்டும் போதாதெனச் சாணத்தை எடுத்தார். சாணக் கட்டிகளாலும் குங்குமத்தாலும் ஆன ‘மார்ட்டர் லைன்’ (1996) அக்காலத்தது. பசு அரசியற் சின்னமாகிய பொழுதில் அதன் கழிவை, பெண்கள் நாள்தோறும் கையால் அள்ளிப் பிசைந்து தட்டும் பொருளை, அவர் முன்வைத்தார். சாணம் வழிபாட்டிற்கும் அடுப்பிற்கும் ஒருங்கே உரியது என்பதே அப்படைப்பின் அடிப்படை.

தமிழில் இப்பொருளுக்குரிய சொற்கள் வழக்குநிலையால் கூர்மையாகப் பிரிந்து நிற்கின்றன. கோமயம் சடங்கிற்கும் மருந்திற்கும் உரியது. சாணம் எழுத்துநடைக்குப் பொது. சாணி பேச்சிற்கும் வசைக்கும் உரியது. காய்ந்தபின் வறட்டி, எருமுட்டை, எருவாட்டி என வட்டாரந்தோறும் பெயர் மாறும். பழைய இலக்கியச்சொல்லாகிய ஆப்பியைப் பற்றித் தொல்காப்பியம் கூறும் இடம் மொழியியலார் நன்கறிந்ததே. ஆ என்னும் சொல்லின்முன் வரும் பீ என்னும் சொல்லை நேரே கூறாது, அதன் எழுத்துகளை மட்டும் சுட்டிப் புணர்ச்சிவிதி கூறிச் செல்கிறது அந்நூற்பா. உரைமரபு இதனை இடக்கரடக்கல் என்னும். இலக்கணம் தொடங்கிய இடத்திலேயே இப்பொருளின் பெயரைச் சொல்வதில் தயக்கம் இருந்தது. இன்றைய மொழிபெயர்ப்பாளர் சாணி என்பதை விடுத்துக் கோமயத்தைத் தேடுவது அத்தயக்கத்தின் தொடர்ச்சியே.

இத்தயக்கத்திற்கு ஒரு விலை உண்டு. சாணி என்னும் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. தஞ்சை நிலவுடைமைச் சமூகத்தில் பண்ணையாட்களாயிருந்த ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சாணிப்பால் புகட்டுவதும் சவுக்கால் அடிப்பதும் தண்டனைகளாக இருந்தன. 1940களின் விவசாயிகள் இயக்கம் அவற்றிற்கு எதிராகப் போராடி முடிவு கண்டது. ஷீலா கௌடா அந்நிகழ்ச்சிகளைக் கருதிச் சிற்பம் செய்தார் என்று கூற இடமில்லை. ஆனால் சாணி என்னும் சொல்லைத் தமிழில் படிப்பவர் மனத்தில் மார்கழிக் கோலமும் சாணிப்பாலும் அடுத்தடுத்து நிற்கும். கோமயம் என்னும் சொல் முன்னதை மட்டும் வைத்துக்கொண்டு பின்னதை அழித்துவிடும். தூய்மையும் இழிவும் ஒரே பொருளில் உறைவதைக் காட்டும் படைப்பை, தூய்மையின் சொல்லால் மட்டும் பெயர்ப்பது அதன் எதிர்த்தரப்பில் நின்று பேசுவதாகும்.

தலைமுடியிலும் இதே நிலையைக் காணலாம். 2009 வெனிஸ் பியனாலேயில் வைக்கப்பட்ட ‘பிஹோல்ட்’ என்னும் படைப்பில், முடியைத் திரித்துச் செய்த நெடுங்கயிறுகள் கார்களின் முன்தடுப்புத் தகடுகளைத் தாங்கித் தொங்குகின்றன. கோயில்களில் காணிக்கையாக மழிக்கப்படும் முடியில் நீண்டவை விலைபோகின்றன, எஞ்சியவை கயிறாகின்றன. பெங்களூரில் கண்ணேறு கழிக்க அக்கயிற்றை வண்டிகளின் தகட்டில் கட்டுவர். இரும்பைக் காக்க முடி கட்டப்படும் இந்நம்பிக்கையைச் சிற்பி பெரிதாக்கிக் காட்டுகிறார். தமிழில் மயிர் என்பது சங்ககாலம் முதல் இயல்பான சொல். தலையிலிருந்து வீழ்ந்த மயிரைத் திருக்குறள் மதிப்பிழந்தவர்க்கு உவமையாக்குகிறது. இன்றோ அச்சொல் வசையாகிவிட, முடி, கூந்தல், கேசம் ஆகியன அதன் இடத்தைப் பிடித்துள்ளன. கூந்தல் அழகைச் சார்ந்தது. கேசம் விளம்பரத்தைச் சார்ந்தது. காணிக்கையாகித் தலையை நீங்கிய பொருளுக்கு இரண்டும் ஒவ்வா. முடி என்பதே ஏற்புடையது. தலைமயிர், மகுடம், கட்டுதல், நிறைவுறுதல் ஆகிய பொருள்கள் தமிழில் அவ்வொரு வடிவில் கூடியிருப்பது இப்படைப்பிற்கு எதிர்பாராத துணையாகிறது.

‘அண்ட் டெல் ஹிம் ஆஃப் மை பெயின்’ என்னும் தலைப்பில் 1998 முதல் இவர் பலமுறை உருவாக்கிய படைப்பு மொழிபெயர்ப்பாளர்க்கு மேலும் நுண்ணிய வினாக்களை எழுப்புகிறது. நெடிய நூல்கள் ஊசிகளின் வழியே இழுக்கப்பட்டு, பசையும் குங்குமமும் தோய்ந்து, ஒன்றுசேர்ந்து செந்நிறக் கயிறுகளாகின்றன. கயிற்றின் முனையில் ஊசிகள் கொத்தாகத் தொங்குகின்றன. ஆங்கிலத்தில் ஊசிக்குக் கண் உண்டு. தமிழில் காது உண்டு. வலியைச் சொல் என்று கேட்கும் சிற்பத்தில் நூல் காதின் வழியே செல்வது தமிழுக்கு மட்டும் வாய்த்த பேறு.

தலைப்பின் முதற்சொல்லாகிய இணைப்பிடைச்சொல் கருத்திற்குரியது. ஆங்கிலத்தில் அது முழுத்தொடருக்கும் உரியதாய், சொல்லப்படாத ஒரு முன்தொடரை உணர்த்துகிறது. தமிழில் உம்மை ஏதேனும் ஒரு சொல்லோடு ஒட்டியாகவேண்டும். ‘அவனிடமும்’ என்றால் பிறரிடமும் சொல்லப்பட்டதாகும். ‘பிறகு’ என்றால் காலவரிசை நுழையும். ‘மேலும்’ என்றால் அலுவலக மடலாகிவிடும். ‘என் நோவையும் அவனிடம் சொல்’ என்பதில் உம்மை இறந்தது தழீஇய எச்சவும்மையாகிறது. ஆனால் தழுவப்படும் செய்தி எங்கும் கூறப்படவில்லை. அவ்வெற்றிடமே மூலத்தின் உயிர் என்பதால் இவ்வடிவம் சிறக்கிறது. அவர் என்றால் கணவன் என்னும் பொருள் முந்தும். காதலன், பகைவன், மகன், கடவுள் ஆகிய அனைவர்க்கும் இடந்தருவது அவன் என்பதே. வலி உடலோடு நின்றுவிடுகிறது. நோய் இன்று மருத்துவமனைச் சொல்லாகிவிட்டது. பேறுகாலத்திற்கும் மனத்துயருக்கும் ஒப்ப வழங்கும் நோவு என்பது தொப்புள்கொடியை நினைவூட்டும் அச்செங்கயிற்றிற்கு இயைகிறது.

இவரது ‘காகெபங்கார’ (2008) தார்ப்பீப்பாய்த் தகடுகளாலும் தார்ப்பாயாலும் அப்பிரகத்தாலும் ஆனது. தலைப்பு கன்னடச் சொல், காக்கையின் பொன் என்பது அதன் பொருள், அப்பிரகத்தைக் குறிப்பது. ஆங்கில விளக்கத்தின் வழி இதனைப் பெயர்ப்பவர் ‘காகத்தங்கம்’ என்று எழுதக்கூடும். தமிழில் காக்காப்பொன் என்னும் சொல் முன்பே உண்டு. ஒரே உருவகத்தால் இரு திராவிட மொழிகளும் ஒரே பொருளைக் குறிக்க, இடையில் ஆங்கிலத்தைக் கேட்டு வழி தெரிந்துகொள்வது வீண் சுற்றாகும். இந்திய மொழிகளுக்கிடையே நேரடி மொழிபெயர்ப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இச்சிறு சான்றே போதும்.

5. பாத்திரம்: சுபோத் குப்தா

பீகாரின் ககௌலில் 1964இல் பிறந்த சுபோத் குப்தா எவர்சில்வர்ப் பாத்திரங்களால் பெயர் பெற்றவர். பாத்திரங்களாலான மாபெரும் மண்டையோடாகிய ‘வெரி ஹங்ரி காட்’ (2006), அணுகுண்டுப் புகைக்காளானின் வடிவில் எழும் ‘லைன் ஆஃப் கண்ட்ரோல்’ (2008) ஆகியன பலரறிந்தவை. கலைச்சொல் தொகுதிகள் இப்பொருளைத் துருவேறா எஃகு என்று குறிக்கும். அது வேதியியலுக்குப் பொருந்தும், அடுக்களைக்குப் பொருந்தாது. எவர்சில்வர் என்னும் சொல் ஆங்கில உறுப்புகளால் ஆனதாயினும் ஆங்கில நாட்டின் பெருவழக்கன்று. இந்நாட்டுக் குடும்பங்களின் ஆசை செய்துகொண்ட சொல். வெள்ளி வாங்க இயலாதவர்க்கு என்றும் மங்காத வெள்ளியாக அது வந்தது. மலிவையும் மதிப்பையும் ஒருங்கே சுட்டும் இச்சொல்லை அயற்சொல் என்று விலக்கினால் குப்தாவின் படைப்பிலுள்ள ஆசையும் எள்ளலும் விலகிவிடும்.

பாத்திரம் என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. கலம், தகுதியுடையவர், நாடகமாந்தர் என மூன்று பொருள் அதற்குண்டு. பாத்திரமறிந்து பிச்சையிடு என்னும் பழமொழி முதலிரண்டையும் பிணைக்கிறது. பசித்த கடவுளின் முகம் வெறும் பாத்திரங்களால் ஆனது என்று தமிழில் கூறும்போது, உணவிற்குத் தகுதியுடையவர் யார் என்னும் வினாவும் உடனெழுகிறது.

எனினும் பொருளின் பெயர்வளம் படைப்பின் வளத்திற்கு ஈடாகாது. குப்தா 1997இல் மோதிநகரில் வறட்டிகளை அடுக்கி உருவாக்கிய ‘மை மதர் அண்ட் மீ’ என்னும் படைப்பில் பார்வையாளர் உள்ளே புகலாம். வறட்டியின் மணமும் சாம்பலும் அவரைச் சூழும். பிற்காலத்துப் பேருருவங்களிலோ பளபளப்பு முந்துகிறது. தமிழ்நாட்டில் சீராக வரும் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரும் நாளும் வெட்டப்பட்டிருக்கும். துலக்கித் துலக்கி அவ்வெழுத்து தேய்ந்திருக்கும். அத்தகைய பயன்பாட்டின் தழும்பு புகைக்காளானில் காணப்படுவதில்லை. பாத்திரம் அங்கே புழங்குபொருளாக இல்லாமல் சிற்பியின் கையொப்பமாகிவிடுகிறது. நசுங்கிய பழைய அலுமினியப் பாத்திரங்களை அவர் பின்னர்க் கையாண்ட படைப்புகள் இக்குறையை ஓரளவு உணர்ந்தனவாகத் தோன்றுகின்றன. புழங்கியமை நீங்கினால் புழங்குபொருளும் வெறும் உலோகமே என்பது இதனால் பெறப்படும்.

6. கண்ணும் எலும்பும்: அனிதா துபே

லக்னோவில் 1958இல் பிறந்த அனிதா துபே, ராஜஸ்தானத்து நாத்துவாராவில் தெய்வத் திருமேனிகளுக்காகச் செய்யப்படும் பூச்சுக் கண்களைச் சுவர்களிலும் பொருள்களிலும் நூற்றுக்கணக்கில் பதிப்பவர். ‘சைலன்ஸ் (பிளட் வெட்டிங்)’ (1997) என்னும் தொகுதியில் மனித எலும்புகளைச் செந்நிற வெல்வெட்டால் போர்த்தி மணியும் சரிகையும் இட்டு அணிசெய்தார். ‘செயற்கைக் கண்’ என்று எழுதினால் மருத்துவம் நினைவிற்கு வரும். திருமேனிக்குச் சாத்தவும் வேண்டுதலாகச் செலுத்தவும் செய்யப்படும் கண்ணுக்குத் தமிழில் கண்மலர் என்னும் பெயருண்டு. அது பெரும்பாலும் வெள்ளியாலானது. துபேயின் கண்கள் பூச்சாலானவை. பொருளால் வேறாயினும் பயனால் ஒன்றாதலின், முதலிடத்தில் ஒரு தொடர் விளக்கம் தந்து கண்மலர் என்றே வழங்கலாம். உடல் இல்லாத கண் நோக்குவதும், உயிர் இல்லாத எலும்பு மணக்கோலம் கொள்வதும் தரும் அச்சம், வழிபாட்டுச் சொல்லின் அருகிலேயே வலுப்பெறுகிறது.

7. தொழிற்சொற்களும் இனப்பெயரும்

பெயர்ச்சொற்களைப் போன்றே வினைச்சொற்களும் கவனிப்பைப் பெறவில்லை. செய்தித்தாள்களில் எச்சிற்பமும் செதுக்கப்படுகிறது அல்லது வடிக்கப்படுகிறது. செதுக்குதல் இருப்பதைக் குறைக்கும் தொழில். முகர்ஜி முடிச்சிடுகிறார், கௌடா கோக்கிறார், திரிக்கிறார், தட்டுகிறார், குப்தா அடுக்குகிறார், பற்றவைக்கிறார், துபே போர்த்துகிறார், பதிக்கிறார். இவை யாவும் கூட்டும் தொழில்கள். முடைதல், பின்னுதல், பிசைதல், பிடித்தல், கட்டுதல் எனத் தமிழில் இவ்வினைகள் நிறைந்துள்ளன. சாணப் பிள்ளையாரைச் செதுக்குவதில்லை, பிடிக்கிறோம் என்பது மக்கள் வழக்கு. ஆனால் இவை பெண்களும் கைத்தொழிலாளரும் ஆளும் சொற்களாதலின் கலைத் திறனாய்வின் நடைக்குள் இவற்றிற்கு இடம் கிடைக்கவில்லை.

இனப்பெயரிலும் தெளிவு வேண்டும். நிறுவல், நிர்மாணக்கலை என வழங்குவன ஓர் இடத்தில் பொருள்களை அமைத்துக் காட்டும் வகையைச் சுட்டுகின்றன. அவை வேண்டுவனவே. எனினும் எல்லாவற்றையும் நிறுவல் என்றழைத்துச் சிற்பம் என்னும் சொல்லைக் கல்லுக்கும் வெண்கலத்திற்கும் மட்டும் விட்டுவிடுவது ஏற்புடையதன்று. கண்டசருக்கரையையும் மெழுகையும் வண்ணத்தையும் உள்ளடக்கிய சொல் சிற்பம். அதன் பழைய அகலத்தை மீட்டாலே போதுமானது.

8. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

(அ) ‘மரபுசாரா’ என்னும் அடை வரலாற்றோடு பொருந்தவில்லை. ‘புழங்குபொருள் சிற்பம்’ என்பது பொருத்தமான வழக்காகும்.

(ஆ) இவ்வகைப் படைப்புகளில் பொருளின் பெயர் படைப்பின் உறுப்பாதலின், கலைச்சொல் தொகுதியின் தூய சொல்லைவிடப் பொருளைக் கையாளுவோர் வழங்கும் சொல்லே முதன்மை பெறவேண்டும்.

(இ) தலைப்புகளைப் பெயர்க்கும்போது வேர்ச்சொல் ஒற்றுமையைவிட வழக்குநிலை ஒற்றுமையே அளவுகோலாக வேண்டும்.

(ஈ) இந்திய மொழித் தலைப்புகளை ஆங்கில விளக்கத்தின் வழியன்றி நேரே அணுகவேண்டும்.

இம்முடிவுகளுக்கு ஓர் எதிர்வாதம் கூறப்படலாம். சாணி, முடி, எவர்சில்வர் ஆகிய சொற்கள் ஆய்வுநடையின் தகுதியைக் குறைக்கும் என்பர் சிலர். தகுதி என்பது யாருடைய தகுதி என்னும் வினாவே இச்சிற்பங்கள் எழுப்புவது. அள்ளித் தட்டிய கையும் மழித்துக் கொடுத்த தலையும் துலக்கித் தேய்த்த விரலும் அவற்றில் பதிந்துள்ளன. சிற்பக்கூடத்தின் வாயிலுக்குள் அப்பொருள்கள் நுழைந்துவிட்டன. அவற்றின் பெயர்களை மட்டும் வாயிலுக்கு வெளியே நிறுத்திவைக்கும் நடை, தான் போற்ற வந்த படைப்பையே மறுக்கும் நடையாகிவிடும்.